ஷூ தைக்கிற அக்காவுக்கு யார் முதலாளி?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் சட்டப் பிரிவெல்லாம் வரும். காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வரவும் :-)

போன மாசம் என் சித்தி பையனுக்கு வேலை கிடைச்சுது. காட்பாடியில வீட்டு மாடியில உட்கார்ந்துக்கிட்டே ஜெர்மனி கம்பெனிக்கு வேலை. அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு நாற்காலி கூடக் கிடையாது. அப்போ சம்பளம் யார் போடுவாங்கன்னு கேட்டேன். அதுக்குன்னே ஏஜென்சிகள் இருக்காம். 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு'ன்னு பேரு. காகிதத்துல முதலாளி அவங்க, வேலை வாங்குறது ஜெர்மன்காரன். பையன் ஆர்டரைக் கொண்டு வந்து என்கிட்ட காட்டினான். (எங்க வீட்ல பி.எஃப்.னு யார் வாயைத் திறந்தாலும் என்கிட்டதான் அனுப்புவாங்க. பதினோரு வருஷம் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியோட சம்பளப் பிரிவுல குப்பை கொட்டினதுக்குக் கிடைச்ச மரியாதை.) முப்பத்தெட்டு பக்கம்! பி.எஃப்., கிராஜுவிட்டி, விடுப்பு, நோட்டீஸ் காலம், பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு வரைக்கும் எல்லாம் இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் "இந்தியச் சட்டங்களுக்கு உட்பட்டு", "இந்தியச் சட்டங்களுக்கு உட்பட்டு"ன்னு மந்திரம் மாதிரி வருது. வெளிநாட்டுல ஆள் எடுத்தா அந்த ஊர் சட்டப்படி நடக்கணும், இல்லைன்னா வம்புன்னு அந்த ஜெர்மன்காரனுக்கு அவ்வளவு பயம். நல்ல பயம்தான். பையன் நல்லா இருக்கட்டும்.

அதைப் படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரணம் இருக்கு. அதே ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் ஆம்பூர்ல இருந்து ஷூ போகுது. அந்த ஷூவோட மேல்பாகத்தைக் கையால தைக்கிற பொம்பளைங்க கொஞ்சப் பேர் கம்பெனிக்குள்ளேயே கிடையாது. அவங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து தைக்கிறாங்க. சித்தி பையனும் வீட்ல இருந்துதான் வேலை செய்யறான், இவங்களும் வீட்ல இருந்துதான் வேலை செய்யறாங்க. அவனுக்கு முப்பத்தெட்டு பக்கம். இவங்களுக்குத் துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

ஆம்பூர்னா பிரியாணின்னு மட்டும் தெரிஞ்ச மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாமே முன்னே வேலூர் மாவட்டம். 2019-ல் மூணாப் பிரிச்சதுல ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு, ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆச்சு. பாலாத்துத் தண்ணிக்கும் தோலுக்கும் இந்த எல்லையெல்லாம் தெரியாது. காலையில ஆறு மணிக்கு முன்னாடியே கிராமத்து முக்குகளில் டிபன் கேரியரோட பொம்பளைங்க கம்பெனி பஸ்ஸுக்கு நிப்பாங்க. அவங்க மெஷின் தையல், கட்டிங், பேக்கிங். பி.எஃப். நம்பர் உண்டு, இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. அங்கேயும் பிரச்சனை இல்லாம இல்லை, அது வேற பதிவு.

நான் சொல்ல வந்தது மொக்காசின் மாதிரி கைத்தையல் ஷூக்களைப் பத்தி. மேல்தோல் ரெண்டு துண்டையும் சேர்த்து, சுருக்கம் வச்சு, கெட்டியான மெழுகு நூலால கையாலதான் தைக்கணும். மெஷின்ல அந்த அழகு வராதுன்னு ஐரோப்பாவுல அதுக்குத்தான் விலை. இந்தத் துண்டுகளை வெட்டி, துளை போட்டு, மூட்டையாக் கட்டி ஏஜென்ட்கிட்ட கொடுப்பாங்க. ஏஜென்ட் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில வச்சுத் தெருத்தெருவா இறக்கிட்டுப் போவார். ரெண்டு நாள் கழிச்சு வந்து எண்ணி எடுத்துட்டுப் போவார். தையல் சரியில்லைன்னா திருப்பிப் போடுவார். அதுக்குக் கூலி கிடையாது.

எங்க தெருவுல ஒரு அக்கா பத்தொன்பது வருஷமா இதைச் செய்யறாங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு உட்கார்ந்தா பத்து ஜோடி, பிள்ளைங்க கூட மாட நூல் கோத்துக் கொடுத்தா பன்னெண்டு. ஜோடிக்குப் பன்னெண்டு ரூபாய். கணக்கு நீங்களே போட்டுக்குங்க. கம்பெனிக்குள்ள மெஷின்ல உட்கார்ற பொண்ணோட ஒரு நாள் கூலியில மூணுல ஒரு பங்கு வந்தா அதிகம். சுட்டுவிரல்ல நூல் அறுத்த தழும்பு வரிவரியா இருக்கும். சாயங்காலம் ஆனா ஊசிக் கண்ணு தெரியலைம்பாங்க.

ஒரு நாள் கேட்டாங்க, "ஏன் தம்பி, நீ கம்பெனியில கணக்கு பாக்குறவன்தானே? எனக்கு ஏதாவது வருமா?"

"யார்கிட்டக்கா வேலை செய்யறீங்க?"

"ஏஜென்ட்டுகிட்ட."

"ஏஜென்ட்டு?"

"கம்பெனிகிட்ட வாங்கிட்டு வர்றாரு."

"எந்தக் கம்பெனி?"

"அது மூட்டைக்கு மூட்டை மாறும் தம்பி."

அவ்வளவுதான் விஷயம். ஷூ லண்டன் கடையில கண்ணாடி அலமாரியில இருக்கு, தைச்ச கை இங்க இருக்கு, நடுவுல முதலாளியை மட்டும் காணோம். இது நான் மட்டும் சொல்ற கதை கிடையாது. 2016-ல் இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபல், பெங்களூர் சிவிடெப் மூணும் சேர்ந்து ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுத் தையல்காரங்களைப் பத்தியே ஒரு அறிக்கை போட்டாங்க. ஜோடிக்குப் பத்து பென்ஸ் கூடக் கிடைக்கலைன்னு அதுல இருந்தது. அங்கே பத்திரிகைகள்ல வந்தது, கொஞ்ச நாள் பேசினாங்க. மூட்டை வர்றது நிக்கலை.

இப்போ பிராண்டுகள் பக்கம் வருவோம். எந்த ஐரோப்பிய ஷூ பிராண்டோட இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு வாசகம் கட்டாயம் இருக்கும்: எங்க சரக்கு தயாராகும் நாடுகளில் அந்தந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படிதான் நடக்கிறோம். சரி, அந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாமா? இங்கதான் எனக்குச் சம்பளப் பிரிவு மூளை வேலை செய்யுது, பொறுத்துக்குங்க.

1948-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதுல 'ஊழியர்'னா யாருன்னு ஒரு விளக்கம் இருந்தது. ஒருத்தர் தன் வியாபாரத்துக்காகப் பொருளை வெளியே கொடுத்து, அதை இன்னொருத்தர் தன் வீட்லயோ வேற எங்கயோ வச்சுச் செய்து கொடுத்தா, அந்த வெளிவேலைக்காரரும் ஊழியர்தான்னு பச்சையா எழுதியிருந்தாங்க. தோல் பதனிடுறதும் தோல் பொருள் தயாரிக்கிறதும் அந்தச் சட்டத்தோட அட்டவணையிலேயே ஆரம்பத்துல இருந்து இருந்தது. அதாவது எங்க தெரு அக்காவை ஊழியராத்தான் இந்த நாட்டுச் சட்டம் பார்த்தது. "சட்டத்துல இடமில்லை சார்"னு சொல்ற எவனையும் நம்பாதீங்க. எழுபத்தேழு வருஷம் இடம் இருந்தது.

அப்புறம் ஏன் கிடைக்கலை? ஒரு காரணம், கேட்கிறதுக்கு ஆள் இல்லை. தொழிலாளர் ஆய்வாளர் வந்தா பதிவேட்டைத்தான் பார்ப்பார், அக்கா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்னொரு காரணம், 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கலைன்னா மூல முதலாளி கொடுக்கணும்னு சொன்ன நல்ல சட்டம் அது. ஆனா அதுல 'தொழிலாளி'ங்கிற விளக்கத்துல இருந்து வெளிவேலைக்காரரை நீக்கி வச்சாங்க. கிட்டத்தட்ட அதே வாசகம்! 1948-ல் உள்ளே இழுத்த வாசகத்தை அப்படியே எடுத்து 1970-ல் வெளியே தள்ளப் பயன்படுத்தியிருக்காங்க. எழுதின புண்ணியவான் யாரோ. அப்போ நடந்தது என்னன்னா, அக்காவுக்குக் குறைந்தபட்சக் கூலி உரிமை உண்டு, ஆனா ஏஜென்ட்டைத் தாண்டிக் கம்பெனியைப் பிடிக்க அந்தச் சட்டத்துல வழி கிடையாது. ஏஜென்ட்டைப் பிடிச்சா அவர்கிட்ட என்ன இருக்கு? ஜோடிக்கு ஒரு ரூபா, ரெண்டு ரூபா கமிஷனும் அந்த எக்ஸ்.எல். வண்டியும்தான்.

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தாச்சு. 1948 சட்டம் போயே போச்சு. அதுக்குப் பதிலா வந்த ஊதியத் தொகுப்புல பழைய அட்டவணை கிடையாது, எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டுன்னு பெருமையாச் சொன்னாங்க. உண்மைதான். ஆனா 'ஊழியர்' விளக்கத்துல அந்த வெளிவேலைக்காரர் வாசகத்தைத் தேடிப் பாருங்க. இல்லை. ஒரு நிறுவனத்தால் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்னு மொழுக்குனு முடிச்சுட்டாங்க. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புல 'வீடுசார் தொழிலாளி'ன்னு ஒரு விளக்கம் இருக்கு, ஆனா அது அமைப்புசாராத் தொழிலாளர் கணக்குல வருது. அதாவது அரசாங்கம் ஏதாவது திட்டம் போட்டா கிடைக்கும், பதிவு பண்ணிக்கணும், காத்திருக்கணும். நல வாரியமும் அப்படித்தான். தோல், காலணித் தொழிலாளிகளுக்குத் தமிழ்நாட்டுல நல வாரியம் உண்டு. பிள்ளைங்க படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி கிடைக்கும், வேணாம்னு சொல்லலை. ஆனா அது அரசு கொடுக்கிற உதவி. தைச்ச ஜோடிக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய கூலி வேற கணக்கு. முதலாளி கொடுக்க வேண்டியதை முதலமைச்சர் கொடுக்கிற மாதிரி ஆக்கிட்டா முதலாளிக்குக் கொண்டாட்டம்தானே?

வீட்டு வேலைக்கெல்லாம் சட்டம் போட முடியாதுங்கிறவங்களை நான் குடியாத்தம் பக்கம் அழைச்சுட்டுப் போகணும். ஆம்பூர்ல இருந்து பேரணாம்பட்டு வழியா ஒரு பஸ் தூரம். அங்க வீட்டுக்கு வீடு முறத்தை மடியில வச்சுப் பீடி சுத்துறாங்க. அதே மாதிரிதான், இலையும் தூளும் ஏஜென்ட் கொடுப்பார், சுத்தின பீடியை எண்ணி எடுப்பார், சரியில்லாததைக் கழிப்பார். அந்தப் பொம்பளைங்களுக்கு 1966-லேயே தனிச் சட்டம் வந்துடுச்சு. வீட்ல சுத்துறவங்களும் ஊழியர்னு அதுல நேரடியாவே எழுதியிருந்தது. பிரசவ உதவி உண்டு. இலை கொடுக்கிறது, பீடியைக் கழிக்கிறது, கழிச்ச பீடிக்குக் கூலி, இந்த மூணு தகராறுக்கும் எங்க போகணும்னு கூட அந்தச் சட்டத்துக்குள்ளேயே வழி இருந்தது. (இதை எழுதினவர் கண்டிப்பா ஒரு பீடி ஏஜென்ட்டை நேர்ல பார்த்திருக்கார்.) பீடி முதலாளிங்க விடுவாங்களா? சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 1974-ல் மங்களூர் கணேஷ் பீடி வழக்குல சட்டம் செல்லும்னு தீர்ப்பு. அப்புறம் பி.எஃப். கொடுக்க மாட்டோம்னு போனாங்க. 1985-ல் பி.எம். பட்டேல் வழக்கு. வீட்ல சுத்துறவங்களை நாங்க மேற்பார்வை பண்றதே இல்லை, அப்புறம் எப்படி எங்க ஊழியர்னு கேட்டாங்க. கழிக்கிற உரிமை உன்கிட்ட இருக்கே, அதுவே மேற்பார்வைதான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

அந்த ஒரு வரியை ஆம்பூருக்குக் கொண்டு வந்து வச்சுப் பாருங்க. தையல் ஒரு நூல் கோணினாலும் ஷூவைத் திருப்பிப் போடுறது யார்? செக்கர். செக்கர் சம்பளம் யார் கொடுக்குறது? கம்பெனி. எப்படி இருக்கணும்னு கம்பெனிக்குச் சொல்றது யார்? பிராண்டு. மாதிரி ஷூவுக்கு முத்திரை குத்தி அனுப்புறதே அவங்கதான். கழிக்கிற உரிமைதான் முதலாளியோட அடையாளம்னா, எங்க தெரு அக்காவுக்கு முதலாளி ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர் இருக்காங்க.

(1966 சட்டமும் புதுத் தொகுப்புல கரைஞ்சுடுச்சு. பீடிக்குன்னு சில பிரிவை மட்டும் வச்சிருக்காங்க. அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.)

அடுத்து வரும் வாதம் எனக்கு மனப்பாடம். "அவ்வளவு அடுக்கு தாண்டி வீட்டு வாசல் வரைக்கும் வெளிநாட்டுக்காரன் எப்படிங்க பாக்க முடியும்?"

பாக்க முடியும். பார்த்திருக்கான். தோல் விஷயத்துல பார்த்திருக்கான்.

1989-ல் ஜெர்மனி பி.சி.பி.ன்னு ஒரு ரசாயனத்தைத் தடை பண்ணுச்சு. தோல்ல பூஞ்சை பிடிக்காம இருக்க இங்க போடுவாங்க. தடை வந்ததும் நம்ம சரக்கு திரும்பி வர ஆரம்பிச்சுது. டேனரிகாரங்க அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஓடினாங்க, மாற்று ரசாயனம் கண்டுபிடிச்சாங்க, மாத்தினாங்க. அடுத்து சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனியில தடை. 1997-ல் இந்திய அரசே அந்தச் சாயங்களைத் தடை பண்ணுச்சு. ஜெர்மன்காரன் கால் அரிக்கக் கூடாதுன்னு இந்திய அரசிதழ்ல அறிவிப்பு! 2015 மே முதல் ஐரோப்பாவுல தோல்ல குரோமியம் ஆறு ஒரு கிலோவுக்கு மூணு மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு விதி. இன்னைக்கு ஆம்பூர்ல அதுக்குச் சோதனை இல்லாம சரக்கு ஏறாது. லெதர் வொர்க்கிங் குரூப்னு ஒரு தரச்சான்று இருக்கு, தங்கம், வெள்ளி, வெண்கலம்னு மெடல் கொடுப்பாங்க. அதுல மாட்டை அறுத்த இடம் வரைக்கும் தடம் காட்ட முடியுமான்னு கேட்டு மார்க் போடுறாங்க.

மாட்டை அறுத்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, கம்பெனி பின் கேட்டுல இருந்து மூணு தெரு தள்ளி உட்கார்ந்திருக்கிற பொம்பளையைக் கண்டுபிடிக்கத் தெரியாதாம். குரோமியம் அவன் காலுக்கு வரும். அக்காவோட முதுகுவலி அவன் காலுக்கு வராது. வேற என்ன காரணம் சொல்ல முடியும்?

அங்கேயும் சட்டம் வந்தது, மறுக்கலை. ஜெர்மனியில சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறை. முதல்ல மூவாயிரம் பேருக்கு மேல வேலை செய்யற கம்பெனிகளுக்கு, 2024-ல் இருந்து ஆயிரம் பேர் இருந்தாலே. நானும் சந்தோஷமாத்தான் படிச்சேன். நேரடியாச் சரக்கு கொடுக்கிற கம்பெனியை ஒழுங்கா ஆராயணும். அதுக்கும் கீழே இருக்கிறவங்களை? தப்பு நடக்குதுன்னு ஆதாரத்தோட தெரிய வந்தா மட்டும் பார்த்தாப் போதும். அதாவது தெரியாம இருக்கிற வரைக்கும் நிம்மதி. தெரிஞ்சுக்காம இருக்கிறதுக்கு இதைவிட நல்ல ஊக்கத்தொகை யாராவது கொடுக்க முடியுமா சொல்லுங்க. சரி, கூலி எவ்வளவு கொடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது? குறைஞ்சபட்சம் வேலை நடக்கிற ஊர்ச் சட்டத்துல இருக்கிற கூலி. அவங்க சட்டம் நம்ம சட்டத்தைக் கைகாட்டுது, நம்ம சட்டம் அக்கா பேரை அழிச்சுட்டு நிக்குது. அந்த அரைகுறைச் சட்டத்துல இருக்கிற அறிக்கைக் கடமையையும் நீக்கணும்னு 2025-லேயே ஜெர்மன் அரசு இறங்கிடுச்சு. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டு வந்ததையும் அடுத்த வருஷமே தள்ளிப் போட்டு வெட்ட ஆரம்பிச்சாங்க.

இன்னொரு பக்கம், வெளிநாட்டுக்காரன் நேரா வந்து ஆள் எடுக்கும்போது என்ன ஆகுதுன்னும் பார்த்துட்டோம். செய்யாறுல தைவான் கம்பெனி விளையாட்டு ஷூ செய்யுது, பனப்பாக்கத்துல இன்னொரு தைவான் கம்பெனிக்கு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. வேலை வரட்டும், வரவேற்கிறேன். வெயில் கொளுத்துற ஊர்ல பொண்ணுங்களுக்கு வேற என்ன இருக்கு? ஆனா 2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கா? பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழி விடுற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டசபையில நிறைவேறினது. முதலீடு பண்றவங்க நெகிழ்வான வேலை நேரம் கேக்குறாங்கன்னு அமைச்சரே சொன்னார், தோல் அல்லாத காலணித் தொழிலையும் அதுல குறிப்பிட்டார். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கத்தின கத்துல மூணு நாள்ல நிறுத்தி வச்சாங்க, மே 1 அன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாங்க. உள்ளூர்ச் சட்டப்படி நடப்போம்னு சொல்றவங்களுக்கு, சட்டம் இடைஞ்சலா இருந்தா மாத்திக் கேட்கவும் தெரியுது. கேட்டா வாரக் கணக்குல மசோதா வருது. எங்க தெரு அக்கா கேட்டா?

"இப்படிச் சட்டம் சட்டம்னு பேசினா ஆர்டர் எல்லாம் வியட்நாமுக்குப் போயிடும்." இதையும் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பி.சி.பி. தடைக்கும் இதைத்தான் சொன்னாங்க. 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல பாலாறு மாசுக்காக சுப்ரீம் கோர்ட் டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டு, மாசு பண்ணினவன்தான் ஈடு கட்டணும்னு சொன்னப்பவும் இதையே சொன்னாங்க. தொழில் இன்னும் இங்கதான் இருக்கு. ஆர்டர் போறதுக்கு வேற காரணங்கள் உண்டு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் ஐம்பது சதவீத வரி போட்டானே, அதுக்கு அக்கா பி.எஃப். கேட்டதா காரணம்? ஆர்டர் குறைஞ்சப்ப முதல்ல நின்னது வீட்டுக்கு வர்ற மூட்டைதான். நோட்டீஸ் வேண்டாம், ஈட்டுத்தொகை வேண்டாம், "அடுத்த வாரம் பாக்கலாம்கா"ன்னா முடிஞ்சுது. 2020 ஊரடங்குலயும் இதே கதை.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்முவீங்க. வீட்டுத் தையலைத் தடை பண்ணுன்னு நான் சொல்லவே இல்லை. சில பிராண்டுகளுக்கு இது ரொம்பப் பிடிச்ச தீர்வு. வீட்டு வேலை நடக்குதுன்னு வெளியே தெரிஞ்சா, வீட்டுக்கு மூட்டை அனுப்பக் கூடாதுன்னு ஒரு கடிதம். முடிஞ்சுது, கை சுத்தம். அக்கா வீட்ல மாமியார் படுத்த படுக்கை, பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போக முடியாது. அந்த நூத்தி இருபது ரூபாயும் போகும். 2017-ல் காலணி, ஆடைத் தொழிலுக்காக ஓ.இ.சி.டி. போட்ட வழிகாட்டுதல்ல வீடுசார் தொழிலாளருக்குன்னே ஒரு பகுதி இருக்கு. வீட்டு வேலைன்னா விலக்கிடாதே, முறைப்படுத்துன்னுதான் அதுவும் சொல்லுது. 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலைக்காகவே ஒரு உடன்படிக்கை கொண்டு வந்தது. எண் 177. இந்தியா இன்னும் கையெழுத்துப் போடலை.

அப்போ என்னதான் பண்ணச் சொல்றேன்? புதுசா ஒண்ணும் வேண்டாம். ஊதியத் தொகுப்புல அந்த 'ஊழியர்' விளக்கத்துலயே ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கு: உரிய அரசு யாரையாவது ஊழியர்னு அறிவிச்சா அவங்களும் ஊழியர்தான். தோல் தொழிலுக்கு உரிய அரசு தமிழ்நாடு அரசு. 2022-ல் காலணி, தோல் பொருள் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டு முதலீட்டாளருக்கு என்னென்ன சலுகைன்னு எழுதின அதே அரசு, காலணி மேல்பாகத்தை வீட்ல தைக்கிறவங்களும் ஊழியரேன்னு ஒரு பத்தி அறிவிப்பு போடட்டும். டெல்லி போக வேண்டாம். மசோதா வேண்டாம். ஒரு ஜோடி தைக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கடிகாரம் வச்சுப் பார்க்கட்டும், அந்த நேரத்துக்கு உள்ளே மெஷின்ல இருக்கிறவங்க கூலியைப் போடட்டும். பீடிக்காரங்க மாதிரி ஒரு சின்ன நோட்டு, தேதி, மூட்டை எண், எத்தனை ஜோடி, எத்தனை கழிவு, எவ்வளவு கூலி. கம்பெனி பேர் அட்டையில இருக்கணும். மூட்டைக்கு மூட்டை மாறினா மாறட்டும், நோட்டுல பக்கம் மாறும்.

கம்பெனிக்காரங்க இதுக்குப் புதுசா ஆள் போட வேண்டியது கூட இல்லை. கணக்கு ஏற்கெனவே இருக்கு. நான் பார்த்திருக்கேனே. ஏஜென்ட் பில் சம்பளப் பிரிவுக்கு வராது. கூலின்னு இருந்தாத்தானே எங்ககிட்ட வரணும்? அது 'ஜாப் ஒர்க் சார்ஜஸ்'னு வவுச்சர் போட்டு, மெழுகு நூல், அட்டைப்பெட்டி, லாரி வாடகையோட சேர்ந்து வேற ஃபைலுக்குப் போயிடும். எத்தனை ஜோடி வெளியே போச்சு, எத்தனை வந்தது, எத்தனை கழிவு, பைசா சுத்தமா இருக்கும். ஒரு ஜோடி குறைஞ்சா ஏஜென்ட் கமிஷன்ல பிடிப்பாங்க. பேர் மட்டும்தான் இருக்காது. வெளிநாட்டு ஆடிட் வரும் நாளில் அந்த ஃபைலை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சம்பளப் பதிவேடு கேட்பாங்க, வயசுச் சான்று கேட்பாங்க, ஓவர்டைம் கேட்பாங்க, கழிவறைக் கதவுல தாழ்ப்பாள் இருக்கான்னு ஆட்டிப் பார்ப்பாங்க, தீயணைப்பு சிலிண்டர்ல தேதி பார்ப்பாங்க. அன்னைக்கு மட்டும் எக்ஸ்.எல். வண்டி வராது.

பி.கு: சமூக ஆடிட் செய்யற கம்பெனிகள்லயும் பிராண்டுகளோட சென்னை ஆபீஸ்கள்லயும் வேலை பார்க்கிறவங்க ரெண்டு மூணு பேராவது இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்ககிட்ட ஒரே கேள்வி. உங்க படிவத்துல ஜாப் ஒர்க் வவுச்சரைக் கேட்கிற கட்டம் இருக்கா? இருந்தா, இதுவரைக்கும் எத்தனை கம்பெனியில கேட்டிருக்கீங்க? சொந்தப் பேர்ல சொல்ல முடியாதுன்னா அனானியா வாங்க. பின்னூட்டப் பெட்டியைத் திறந்துதான் வச்சிருக்கேன்.